மச்சினியின் வலது கால்

நான் மிகவும் நேர்மையாக நடந்துகொண்ட ஒரு சனிக்கிழமை உண்டு. என் மனைவி வீட்டில் அதைப் பற்றி இன்றுவரை யாரும் மரியாதையாகப் பேசியதில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி மூன்று மாதம். ஈப்போவில், ஜெலாப்பாங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ரப்பர் கையுறையில் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்து, எங்கேயாவது ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளி வைப்பதுதான் என் பிழைப்பு. குறை கண்டுபிடித்தே பழகிய கண். (வீட்டில் ரசத்தைக்கூட விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பேன் என்று என் மனைவி கவிதா எல்லாரிடமும் சொல்வாள். பொய். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.)

இப்படிப்பட்ட கண்ணைத் தொழிற்சாலைக்கு மட்டும் கொடுத்தால் போதாது என்று தோன்றி, சாஃப்ட்பால் நடுவர் பயிற்சிக்குப் போனேன். இரண்டு வார இறுதிகளில் எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு மனதில் ஒட்டியது ஒரே ஒரு விதி. பந்து வீசுகிறவர் தரையில் பதித்திருக்கும் ஒரு ரப்பர் பலகையில் கால் வைத்துத்தான் வீச வேண்டும். அந்தப் பலகையிலிருந்து ஒரே ஒரு முறை உந்தலாம். உந்திய கால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கால் பலகையை விட்டு முன்னால் போய் ஊன்றி, அங்கிருந்து மறுபடியும் உந்தினால் அது செல்லாத வீச்சு. பார்ப்பதற்குக் காக்கா தத்துவது போல இருக்கும். ஆங்கிலத்திலும் அதற்குக் காக்கா பெயர்தான். தண்டனையும் லேசானதல்ல. அந்தப் பந்து வீசியவர் கணக்கில் தவறாகச் சேரும். அதோடு தளங்களில் நிற்கிற எதிரணிக்காரர்கள் ஆளுக்கொரு தளம் முன்னேறலாம். மூன்றாவது தளத்தில் ஒருத்தி நின்றால், சும்மா நடந்து வந்தே ஓர் ஓட்டம் எடுத்துவிடுவாள்.

"காலை மட்டும் பாருங்க, வேற எதையும் பாக்காதீங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர். அவர் சொன்னதை நான் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டேன்.

எனக்குக் கிடைத்த முதல் ஆட்டம் மாவட்டப் பள்ளிப் பெண்களின் இறுதியாட்டம். பீடோருக்கு உள்ளே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்தில், பழைய தோட்டத்துத் திடலில் நடந்தது. அணிப் பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஓர் அணியின் வீச்சாளர் ஷாலினி. கவிதாவின் தங்கை, என் மச்சினி. ஐந்தாம் படிவ மாணவி, பதினேழு வயது. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அன்று அவளைப் பார்க்க வருவதாக வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு.

தலைமை நடுவர் லிம் அங்கிளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் என்பதால் அங்கிளுக்குத் தமிழ் நன்றாக வரும்.

"வேற ஆளு இல்ல லா, கதிர். மச்சினியோ யாரோ, நீ நியாயமா பாரு. போதும்."

அந்த 'நியாயமா' என்ற சொல் பீடோர் போய்ச் சேரும்வரை எனக்குள் வளர்ந்துகொண்டே போனது. சொந்தக்காரப் பெண்ணுக்குச் சாதகமாகப் பார்த்தான் என்று ஒரு வாய்கூடச் சொல்லிவிடக் கூடாது. காரில் பக்கத்தில் இருந்த கவிதாவுக்கு என் முகமே சரியாகப் படவில்லை.

"அங்க போயி கிறுக்குத்தனமா எதாச்சும் பண்ணிடாதீங்க."

"சட்டம்னா சட்டம்தான், கவி."

"அதத்தான் சொன்னேன்."

முதல் இரண்டு சுற்றுகளில் ஷாலினி அடித்து நொறுக்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கையைச் சுழற்றி அவள் விடுகிற பந்து பிடிப்பவளின் கையுறையில் விழும் சத்தம் எதிரணிப் பெண்களைப் பின்னால் நகர வைத்தது. அவள் அணி இரண்டு ஓட்டம் எடுத்து முன்னால் நின்றது. கொட்டகையில் என் மாமனார், கொய்யாப்பழ லாரி ஓட்டுபவர், முதல் வரிசையில் குடையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் என் கண்ணில் பட்டது. அவளுடைய வலது கால் தரையோடு தரையாக முன்னால் போனது. போன இடத்தில் அழுத்தி ஊன்றியது. அங்கிருந்து உந்தியது. முழுசாக ஒரு காக்கா.

இடது கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, "செல்லாது!" என்று கத்தினேன். ஊசிமுனை ஓட்டை கிடைத்தால் வருமே, அந்தச் சந்தோஷம் எனக்கு வந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பந்து. செல்லாது. அதற்கடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்தது மறுபடியும் செல்லாது. இப்படியே மூன்றாவது தளம் வரை முன்னேறிவிட்ட எதிரணிப் பெண் சிரித்துக்கொண்டே நடந்து வந்து ஓட்டம் எடுத்தாள். ஷாலினி என் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், அந்த ரப்பர் வந்து..."

"பேச்சு வேணாம். பந்த வீசு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். நான்காவது சுற்றில் அதே மாதிரி இன்னொரு ஓட்டத்தைத் தூக்கிக் கொடுத்தேன். ஆட்டம் சமமானது. அதற்குள் பயந்துபோய் அவள் காலடியைச் சுருக்கிக்கொண்டு மெதுவாக வீச ஆரம்பித்தாள். மெதுவான பந்தை எதிரணி அடிக்காமல் விடுமா? மூன்றாவது ஓட்டமும் போனது. எதிரணி வீச்சாளர் சின்னப் பெண். வலிக்காமல் கால் வைத்து வலிக்காமல் வீசினாள். அவள் காலில் எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை.

லிம் அங்கிள் ஒரு முறை அருகில் வந்தார். "ஷுவரா, கதிர்?"

"ஷுவர், அங்கிள்."

இந்த நேரத்தில் கொட்டகையில் நடந்ததைக் கவிதா பிறகு சொன்னாள். பக்கத்தில் இருந்த ஒருவர் மாமனாரிடம் கேட்டிருக்கிறார். "யாருண்ணே இந்த அம்பயரு? கண்ணு தெரியுமா இவனுக்கு?"

மாமனார் குடையைச் சற்று இறக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். "தெரியல லா. ஈப்போ ஆளு மாதிரி இருக்கு."

ஐந்தாவது சுற்றில் அவள் பழைய வேகத்துக்குத் திரும்பி, என் கையும் மறுபடி நீண்டபோது, ஷாலினி அணியின் பயிற்சியாளர் ரெஜினா டீச்சர் திடலுக்குள் இறங்கி வந்தார். குள்ளமான உருவம். தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர். அந்தக் குரல் செம்பனை மரங்கள் வரைக்கும் போகும்.

"சார், என் புள்ள என்னதான் தப்பு பண்ணுது? கத்துக் குடுத்த எனக்கே தெரியல. நீங்களே செஞ்சி காட்டுங்க லா, பாப்போம்."

நடுவர் செய்து காட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "முடியாது டீச்சர், உட்காருங்க" என்று சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே கௌரவமாக முடிந்திருக்கும். ஆனால் மாநிலத் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். கவிதா பார்க்கிறாள். நான் வீச்சாளர் வட்டத்துக்குள் போனேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். ரப்பர் பலகையில் வலது காலை வைத்தேன்.

"நல்லா பாத்துக்குங்க டீச்சர். மொதல்ல ஒரு தடவ உந்துறா..."

முழு பலத்தோடு உந்தினேன். பலகை என்னோடு வந்தது.

இடது கால் முன்னால் போய்விட்டது. வலது கால் பலகையில் சறுக்கிக்கொண்டு வேறு பக்கம் போனது. நடுவில் நான். நான் போட்டிருந்த சாம்பல் நிற நடுவர் சிலுவார் முன்னிருந்து பின்வரை கிழிந்த சத்தம், ஷாலினியின் பந்துச் சத்தத்தைவிடத் தெளிவாகக் கேட்டதாக அன்று கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூடச் சொன்னார்கள். (உள்ளே போட்டிருந்தது கவிதா வாங்கிக் கொடுத்த மஞ்சள் பூப்போட்ட அரைக்கால் சட்டை. புது மாப்பிள்ளை. மறுக்க முடியுமா?)

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. லிம் அங்கிள் குனிந்து பலகையைத் தூக்கினார். ஒரு கையால் தூக்கினார், அவ்வளவுதான். முன்தினம் பெய்த மழையில் மண் இளகி, துருப்பிடித்த ஆணிகள் எல்லாம் பிடி விட்டிருந்தன. ஷாலினி ஒரே ஒரு முறைதான் உந்தியிருக்கிறாள். அவள் உந்தலின் வேகத்தில் பலகையே நான்கு விரற்கடை முன்னால் நகர்ந்திருக்கிறது. கால் பலகையை விட்டு இறங்கவே இல்லை. நான் காலைத்தான் பார்த்தேன். காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"அதத்தான் டீச்சர் அப்பவே சொல்ல வந்தேன்" என்றாள் ஷாலினி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாமனார் லாரியிலிருந்து சுத்தியலும் நீள ஆணிகளும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்ற இடத்தைத் தாண்டிப் போய், மண்டியிட்டு, பலகையை அறைந்தார். தேவைக்கு மேலேயே நாலைந்து அடி அடித்தார் என்று எனக்குத் தோன்றியது.

கொடுத்த ஓட்டங்கள் கொடுத்தவைதான். நடுவர் கண்ணால் கண்டு சொன்ன தீர்ப்பை மாற்ற முடியாது என்று லிம் அங்கிள் அறிவித்தார். மீதிச் சுற்றுகளில் ஷாலினி எதிரணியைத் தளத்துக்கே விடவில்லை. ஆனால் அவள் அணிக்கும் ஓட்டம் வரவில்லை. இரண்டுக்கு மூன்று. தோற்றார்கள். அதில் இரண்டு நான் எடுத்துக் கொடுத்தது.

மதியம் மாமியார் வீட்டில் எங்களுக்கு விருந்து. கோழிக்கறி வாசம் வாசல் வரை வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். ஷாலினி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று, "பாப்பா, தப்பு என் மேலதான்" என்றேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. "நான் சொல்ல வந்தேன் அத்தான். நீங்க கேக்கல."

 

அன்று சாயங்காலமே நடுவர் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது தொழிற்சாலை அறிக்கைதான். குறை என்ன, எதனால் வந்தது, யார் கவனிக்கத் தவறியது என்று நான்கு பக்கம். மூன்றாவது கேள்விக்கு என் முழுப்பெயரை எழுதி, அந்த வீச்சாளர் ஒரு தடவைகூட விதியை மீறவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். லிம் அங்கிள் அதைத் தேர்வாளர்களிடம் கொடுத்தார். ஷாலினியைத் தேர்வுக்கு அழைத்தார்கள். அந்த வருடம் மாற்று ஆட்டக்காரியாக எடுத்தார்கள். அடுத்த வருடம் முதல் வீச்சாளர். என்னோடு பேச ஆரம்பித்தது இந்த இரண்டுக்கும் நடுவில் எப்போதோ.

அந்த ஆட்டத்தோடு நான் நடுவர் வேலையை விட்டேன். ஷாலினி இப்போது ஓர் இடைநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விடுமுறையில் புது நடுவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறாள். போன மாதம் ஈப்போவில் அவளை ஏற்றிவரப் போனேன். ஆட்டம் தொடங்கும் நேரம். ஓர் இளம் மலாய்ப் பெண் நடுவர் வீச்சாளர் வட்டத்துக்குப் போய், ரப்பர் பலகையைக் குதிகாலால் ஓங்கி ஓர் உதை உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பி ஷாலினிக்குக் கட்டைவிரலைக் காட்டி உரக்கச் சொன்னாள்:

"சிக்கு, அத்தான் சுடா!"

அத்தான் முடிந்தது, டீச்சர்! அவள் முகத்தில் சிரிப்பில்லை. பலகையை உதைத்துச் சோதிப்பதற்குப் பெயரே அதுதான் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேராக் மாநிலம் முழுக்க அப்படித்தானாம்.