சம்பந்தியை நடக்க வைத்த சிக்கனம்

மல்லேஸ்வரம், பெங்களூர்
ஜூன் 2002

அன்புள்ள தம்பி சேஷகிரிக்கு, அக்கா ருக்கு ஆசீர்வாதத்துடன் எழுதியது. இங்கே நானும் அம்ருதாவும் சௌக்கியம். உன் அத்திம்பேரைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது, காரை நிதானமாக ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு ரயிலேறிவிட்டாய். அன்றிலிருந்து இவர் ஆக்ஸிலரேட்டரைத் தூங்கும் குழந்தையைத் தொடுவது போலத்தான் தொடுகிறார். பிரேக் போட்டால் பெட்ரோல் வீண் என்று, தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவார். வண்டி ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பச்சை வந்து, மறுபடி சிவப்பும் வந்துவிடும். அங்கே எஞ்சினை அணைப்பார். "காடி கெட்டோய்த்தா சார்?" என்று, வண்டி கெட்டுப்போனதாக நினைத்து ஆட்டோக்காரர்கள் தள்ளிவிட இறங்கி வருகிறார்கள். பாரம் குறையட்டும் என்று ஸ்டெப்னியைக் கழற்றி மாடியில் வைத்துவிட்டார்.

அம்ருதாவுக்கும் அவள் ஆபீஸ் தேஜஸுக்கும் பிடித்துப்போனது உனக்குத் தெரியும். பெரியவர்கள் சம்மதம்தான் பாக்கி. போன ஞாயிறு தேஜஸின் அப்பா வைத்தீஸ்வரன் மாமா சேலத்திலிருந்து வந்தார். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனிலிருந்து இவரே அழைத்து வந்தார், நானும் கூட இருந்தேன். ஏ.சி. பெட்ரோல் குடிக்கும், ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியைத் தடுக்கும் என்று இரண்டும் கிடையாது. மாமா வேர்த்துக் கொட்ட, இவர் வழி முழுக்கப் பாடம் நடத்தினார். சாங்கி ரோடு ஏற்றத்தில் டயர் பஞ்சர். மாற்று டயர் எங்கள் மாடியில். பட்டு வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மாமா வெயிலில் வீடு வரை நடந்தார். சாப்பிடும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆத்துலயும் இப்படித்தானா?" நான் ரசத்தை ஊற்றிப் பேச்சை மாற்றினேன். சம்மதமா இல்லையா என்று சொல்லாமலே ஊர் திரும்பிவிட்டார்.

"பெட்ரோலோட என் கல்யாணச் செலவையும் மிச்சம் பிடிச்சுட்டேள்ப்பா" என்று அம்ருதா கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் அதன் வெளியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது. நீ உடனே புறப்பட்டு வந்து, தீபாவளிக்கு நீ சொன்னதெல்லாம் தப்பு என்று இவரிடம் சொல்லு. சேலத்துக்கும் போய் மாமாவிடம் மன்னிப்புக் கேள்.

ஸ்வர்ணாவுக்கு என் அன்பு. எல்லோரும் நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா ருக்கு

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மாமா போன் செய்தார். தன் காரை அத்திம்பேர் சொன்ன மாதிரியே ஓட்டிப் பார்த்தாராம், நிஜமாகவே மிச்சமாகிறதாம். பரிபூரண சம்மதமாம். மாப்பிள்ளை அழைப்பில் கார் ஊர்ந்தால் பெட்ரோல் பாழ் என்று, தேஜஸை நடத்தியே கூட்டி வர மாமாவும் இவரும் போனிலேயே இப்போதுதான் முடிவு செய்தார்கள். ஆகவே நீ உடனே வரவேண்டாம். முகூர்த்தத்துக்கு வா, வந்து வாயைத் திறக்காதே.