கொழும்பில் வெட்டிய வட்டம்

வேலம்பாளையம்,
திங்கட்கிழமை.

கணியூரில் இருக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் மயில்சாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை கோமளாவின் வீட்டுக்காரன் அர்த்தநாரி கைகூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சௌக்கியம்தானே? தென்னையில் வெள்ளை ஈ குறைந்ததா? இங்கே நான் சௌக்கியமாக இல்லை. ஆறு நாளாக உங்களுக்குப் போன் அடிக்கிறேன், ஒரு மணி அடித்ததும் நின்றுவிடுகிறது. வாட்ஸப்பில் ஒற்றை டிக்தான் விழுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

கோமளாவும் தேஜஸ்ரீயும் உங்கள் வீட்டில் வந்து இறங்கிய காரணத்தை அவர்கள் சொல்லியிருப்பார்கள். என் வாயாலும் ஒருமுறை கேளுங்கள். போன கார்த்திகையில் கோமளாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்று, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒரு மணி நேரத்துல வந்துடறேன் கோமளா" என்று சொல்லி நம் பனியன் கம்பெனிக்குப் போனேன். ஷிப்மென்ட் கடைசிச் செக்கிங். திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் கண் விழித்தபோது பக்கத்தில் நின்றது நீங்கள். அதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்கவில்லை, அவள் மறப்பாளா? தையல் பிரித்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேண்டாமுங்க. மூணு நாள் கம்பெனி இல்லாத ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க."

கம்பெனி இல்லாத ஊர் என்று நான் தேடிப் பிடித்தது கொழும்பு. அங்கேயும் ராத்திரி பகலாக உடுப்புத் தைத்துத்தான் கப்பல் ஏற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். அதுதானுங்க மச்சான் என் முதல் தப்பு.

கொழும்பு ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போதே சனியன் ஆரம்பித்துவிட்டது. முன்னால் நின்ற ஒரு தம்பியின் டிசர்ட் நல்ல துணி. என் கை என்னைக் கேட்காமலே போய் அவன் இடுப்போரத்து மடிப்பைப் பிடித்து, இரண்டு விரலில் உருட்டி, உள்தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ. புதுசாகக் கல்யாணம் ஆனவன், பக்கத்தில் பெண்டாட்டி வேறு. தேஜஸ்ரீ இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் எங்கள் லாட்ஜிலேயே டிபன் சாப்பிட வந்தவன், என்னைக் கண்டதும் தட்டோடு எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டான். "அப்பா, ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள போடுங்க, இல்லீனா நான் உங்களைத் தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றாள் மகள். போட்டுக்கொண்டேன். போனையும் அவளே பிடுங்கிப் பெட்டிக்குள் பூட்டினாள். முதல் நாள் கடற்கரையில் உட்கார்ந்து இறால் வடை சாப்பிட்டோம். காத்து அடித்த அடியில் மிளகாய்ப்பொடி பறந்து என் கண்ணில் விழுந்தது. நான் குதித்த குதிப்பைப் பார்த்துக் கோமளா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எரிச்சலோடு எரிச்சலாக எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் இல்லீங்க.

இரண்டாம் நாள் கடைத்தெருவுக்குப் போனோம். கோமளா ஒரு நீல டாப்ஸ் எடுத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சேலை, இல்லாவிட்டால் நம் கம்பெனியில் தையல் கோணிக் கழித்துப்போட்ட துணியில் தைத்த நைட்டி. இதைத்தவிர அவள் எதைக் கண்டாள்? தானே கை நீட்டித் தனக்கென்று எடுத்தது இது ஒன்றுதான். பையை என் கையில் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஆட்டோவில் அந்தத் துணியை ஒரே ஒருமுறை தொட்டேன். தொட்டதோடு என் நிம்மதி போயிற்று. சதுர மீட்டருக்கு நூற்றறுபது கிராமும் இல்லை, நூற்றெண்பதும் இல்லை, ஆனால் தண்ணீர் மாதிரி விழுகிறது. என்ன எடையென்று விரலுக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபடாத துணி ஒன்று உண்டா மச்சான்?

மூன்றாம் நாள் காலையில் அவள் குளிக்கப் போனாள். டாப்ஸ் கட்டிலில் கிடந்தது. தேஜஸ்ரீயின் ஷூவுக்குள் நான் ஒளித்துக் கொண்டுவந்திருந்த கட்டரை எடுத்தேன். துணியை வட்டமாக வெட்டி எடை போடுவோமே, அடியில் பிளேடு வைத்த அந்த ஸ்டீல் உருண்டை, அதுதான். குட்டித் தராசும் கூட இருந்தது. ஓரத்தில் மடிப்புக்குள் வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் கட்டருக்கு ஒரு இட்லி அளவு இடம் வேண்டும், மடிப்பில் அது எங்கே இருக்கிறது? பாத்ரூம் வாசலில் கிடந்த ரப்பர் மேட்டை அடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு திருகு திருகினேன். இரண்டு வட்டம் வந்தது. முன்பக்கத்தோடு பின்பக்கமும் வந்துவிட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஓட்டை தெரியாமல் மடித்து வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பார்க்காமலேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். ஓட்டை சரியாகத் தொப்புளுக்குக் கீழே. அது வழியாக அந்தத் தையல் தழும்பு தெரிந்தது. நான் அன்றுவரை அந்தத் தழும்பைப் பார்த்ததில்லை மச்சான். பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

அவள் சத்தம் போடவில்லை. "ஏனுங்க, உள்ள இருந்ததை எடுத்தாச்சு. மேல இருந்ததையும் எடுத்துட்டீங்களா?" என்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "எடை எவ்வளவு வந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

நான் பாவி, "நூத்தி எழுபத்திரெண்டு" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியதும் நம் கார் நிற்க நிற்க, மகளை இழுத்துக்கொண்டு பழனி பஸ் ஏறிவிட்டாள். பெட்டிகளோடு நான் தனியாக வீடு வந்து சேர்ந்தேன். கரூர் தாண்டும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன். வீட்டில் காப்பித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

மச்சான், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அவளை அனுப்பி வையுங்கள். அந்தக் கட்டரை நொய்யலில் வீசிவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். துணி வேண்டாம், எடை வேண்டாம், எனக்குக் கோமளா போதும். அக்காவுக்கு என் கும்பிடு. தேஜுக் கண்ணுக்கு அப்பாவின் ஆசி, அவள் வாங்கிக்கொள்வதாக இருந்தால்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
அர்த்தநாரி

பி.கு.: நொய்யலில் வீசியது பிளேடு மழுங்கிய பழைய கட்டர், உங்களிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. அப்புறம் ஒரு சின்ன உதவிங்க மச்சான். அந்த வட்டத் துணியை நமக்கு ஆர்டர் கொடுக்கும் பையரிடம் காட்டினேன், ஆள் சொக்கிப்போய்விட்டார். வியாழக்கிழமைக்குள் அதே மாதிரி சாம்பிள் கேட்கிறார். அளவு எடுக்க அந்த டாப்ஸ் வேண்டும், கோமளா கைப்பையில்தான் இருக்கிறது. அவள் வருவதற்குப் பத்து நாள் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லீங்க, டாப்ஸை மட்டும் இந்தக் கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.