கிளாரா அக்காவின் கறுப்புப் பொடி

அன்புள்ள கிளாரா அக்காவுக்கு,

குளச்சலிலிருந்து உன் சித்தி மகள் ஜெமி எழுதுவது. இங்கே கடலும் நாங்களும் சுகம். அப்பாவின் முட்டுவலிக்குத்தான் சுகமில்லை. பெங்களூர்க் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

காலையில் நான் முதலில் பார்த்தது அம்மாவின் உப்பு ஸ்பூனை. நீ மறந்துவிட்டுப் போன பாட்டிலுக்குள் அது நின்றது. "மூணு மாச வேலை ஜெமி, இருக்கதே இவ்வளவுதான், கூரியர்ல போட்டுரு, புதன்கிழமை சோதனை" என்று நீ போனில் கெஞ்சிய அதே பாட்டில். அதில் பாதிவரை பொடி இருந்தது. இப்போது காலி.

தப்பு என்னுடையது. "ஏட்டி, அது என்னதுட்டி?" என்று அம்மா நேற்றுக் கேட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் வேதியியல் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில், நீ சொல்லித்தந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். "வினையூக்கிம்மா. புகையில உள்ள கரியமில வாயுவ ஹைட்ரஜனோட சேத்து மெத்தனாலா மாத்தும். எரிக்கலாம், எஞ்சின்கூட ஓட்டலாம். பொடி மட்டும் தீராது. பாலுக்கு உறை மாதிரி." ஹைட்ரஜனும் சூடும் அழுத்தமும் அம்மாவின் காதில் தங்கவில்லை, உறை தங்கிவிட்டது. உறை கேட்டு வந்தவர்களை நம் வீட்டில் வெறுங்கையோடு அனுப்பியது உண்டா? மூன்று வீட்டுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்துவிட்டாள்.

நேசம்மாள் மாமி வீட்டுக்கு நாம் உறைமோர் வாங்கப் போவோமே, நினைவிருக்கிறதா அக்கா? வாசலில் நின்று நீதான் மாமியைக் கூப்பிடுவாய். நான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். வரும் வழியில் மேலே மிதக்கும் ஆடையை விரலால் எடுத்து எனக்கும் பாதி தருவாய். இன்று பிடித்துக்கொள்ளப் பாவாடை இல்லை. வெறும் பாட்டிலோடு போனேன்.

இசபெல் பெரியம்மா சிரட்டையை அடுப்புப் புகையில் காட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணமும் வைத்திருந்தாள். "காலைலேருந்து இருமிட்டு இருக்கேன், ஒரு சொட்டு வரல்லியே மக்கா! இதுக்கா உங்க அக்கா இத்தன வருசம் படிச்சா?" யூஜின் மாமா பொடியைத் துணியில் முடிந்து வள்ளத்து எஞ்சினின் புகைக்குழாயில் கட்டியிருந்தார். "இனி மண்ணெண்ணெய் வாங்காண்டாம்னுல்லா உங்கம்மா சொன்னா!" இரண்டு வீட்டிலும் பாட்டிலை மட்டும் நீட்டினேன், அவர்களே புரிந்துகொண்டு உள்ளே போய் எடுத்துவந்து தந்தார்கள். நேசம்மாள் மாமி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சன்னல் வழியே பார்த்தால், அந்தோணியார் படத்தடியில் சிரட்டை, அம்மா கொடுத்தபடியே. கூப்பிடக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு வீட்டுப் பொடியிலேயே பாட்டில் நிரம்பிவிட்டதே, பிறகென்ன?

பொடி பத்திரமாக வருகிறது. தைரியமாகச் சோதனை செய். அம்மாவைத் திட்டாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் தங்கை,
ஜெமி

பின்குறிப்பு: மூடி போடும்போதுதான் உறைத்தது. பாதி இருந்த பாட்டில் எப்படிக் கழுத்துவரை வரும்? முகர்ந்தேன், மிளகு நெடியில் மூன்று தும்மல். இரவல் வாங்கியதைக் குறைவாகத் திருப்பித் தர நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? இரண்டு பேரும் மிளகு சேர்த்துப் பல் தேய்க்கிற உமிக்கரியைப் போட்டு நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே எழுதியதை நம்பாதே அக்கா. உன் பொடி இனி அந்தோணியாரிடம் மட்டும்தான் இருக்கிறது.

பாட்டிலைக் கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு போனேன். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன்: "மாமீ, கொஞ்சம் உறை தாருங்க!"