படப்பையில் ஸ்பெயின் விருந்து

எங்கள் வட்டாரச் சரித்திரத்தை எழுதப்போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்தே தீரவேண்டும்: படப்பை கடைத்தெருவில் 'ஸ்பெயின் ஒயின் பார்' திறப்பதற்கு முன், திறந்ததற்குப் பின். 1984-ல் நடந்த அந்த மகத்தான சம்பவத்தின் முதல் வாரமே அங்கே சாப்பிட்ட பாக்கியவான் நான். கம்பெனி ஒன்றின் பணியாளர் பிரிவு குமாஸ்தாவுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் மேனேஜர் ஜெகநாதன் பதினைந்து நாள் ஸ்பெயினில் 'ஆய்வு' செய்து திரும்பியவர். அந்த நாட்டார் எதையும் சின்னச் சின்னத் தட்டில் கொஞ்சமாகச் சாப்பிடுவதால்தான் முன்னேறினார்கள் என்பது அவருடைய முடிவு.

வடகால் கிராமத்துக் கங்கம்மாள் தன் இரண்டு ஏக்கர் நஞ்சையைக் கம்பெனிக்குக் கொடுத்தவள். பதிலுக்கு அவள் மகன் முனிரத்தினத்துக்கு நிரந்தர வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தோம். இரண்டு வருஷமாகத் தாயும் மகனும் கம்பெனி கேட்டில் வந்து நின்றார்கள். அவர்களையே மேனேஜர் விருந்துக்கு அழைத்தார். அடடா, என்ன பெரிய மனசு!

பாரில் நிற்க இடமில்லை. எங்கள் மேஜைக்கு ஒரு தட்டில் நாலு ஆலிவ் காய் வந்தது. அடுத்ததில் இரண்டு இறால். அப்புறம் உருளைக்கிழங்கு ஆம்லெட் ஒரு துண்டு. ஒயினைக் கங்கம்மாள் தொடவில்லை. மற்றதையெல்லாம் விரல் நுனியால் எடுத்து, கண்ணை மூடிச் சுவைத்தாள்.

"றாலுல உப்பு கம்மி. மத்ததெல்லாம் நல்லாத்தான் கீது. எலையப் போடச் சொல்லுங்க சார்."

கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் உப்பு, காரம் பார்க்கக் கொஞ்சம் கையில் வைப்பார்கள் அல்லவா? அதுதான் நடக்கிறது என்று அவள் நினைத்துவிட்டாள்.

"இதாம்மா விருந்தே" என்றார் மேனேஜர்.

"அய்ய! இன்னா சார், பந்தியே கெடையாதா?"

முனிரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "அத்த வுடும்மா. என் வேல இன்னா ஆச்சி சார்?"

மேனேஜர் முகம் பிரகாசித்தது. "அதுக்குத்தாம்பா கூப்பிட்டேன். வேலையும் இனிமே சின்னத் தட்டுலதான். திங்கக்கிழமை அரை ஷிப்ட். வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் ஓ.டி."

"வியாழக்கெழம ஷிப்ட் இல்லியே சார். ஓ.டி. எப்டி?"

"அதான் புதுமை!"

"பர்மனென்ட்டு?"

"டெம்பரவரிதான். ஆனா கடைசி வரைக்கும் டெம்பரவரி. அதுல மாத்தமே இல்ல."

'சிறுதட்டு நியமனத் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். பெருமையோடு அடியில் கோடும் போட்டேன்.

கங்கம்மாள் எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலுக்குப் பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க நெலத்த வாங்கச்சொல்லோ இந்த ஸ்பெயினு எங்க சார் பூட்ச்சி? ஒரு சென்டு ருசி பாத்துட்டுப் போதும்னு சொல்லக் கூடாதா? கெணறு, வரப்பு, களத்து மேடுன்னு மொத்தத்தியும் ஒரே வாயில போட்டுக்கினீங்களே!"

நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி. ஆனாலும் மேனேஜர் தட்டிக்கழிக்கவில்லை. கடைசி ஆலிவை வாயில் போட்டு, மென்று, கொட்டையைத் துப்பிவிட்டு அன்பாகச் சொன்னார்:

"அப்போ நான் ஸ்பெயினுக்குப் போகவே இல்லியேம்மா!"