அணை நடுவில் சுடலைமணி

ஞாயிற்றுக்கிழமைக்குள் படகு டிரைவர் ஆகிவிடுவது என்று புதன்கிழமை காலையிலேயே சுடலைமணி முடிவு கட்டிவிட்டார்.

நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் அவருக்கு வேலை. தேயிலை விலை படுத்து ஒரு வருஷம் ஆகிறது. ஃபாக்டரி வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஓடியது. இலை பறிக்கும் மனைவி ரேகாவுக்கும் அதே கதி. மேனேஜர் கருணாகரன் மண்டையை உடைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். பங்களாவில் சுற்றுலாக்காரர்களைத் தங்க வைப்பது, எஸ்டேட் அணையில் படகு விடுவது. படகு இருந்தது. அதன் பின்னால் மாட்டும் பழைய மோட்டார்தான் பதினைந்து வருஷமாகக் குடோனில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அதை ஓட வைக்கிறவங்களுக்கு மாசச் சம்பளத்துல டிரைவர் வேலை" என்றார் மேனேஜர்.

சுடலைமணி மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கூடவே மேனேஜர் கொடுத்த, மோட்டாரைப் பற்றிப் படம் போட்ட புத்தகத்தை அடுப்படிப் பக்கம் வீசினார். ரேகா அதை எடுத்துத் தூசி தட்டினாள்.

"ஏனுங்க, இதப் பாத்துட்டு ஆரம்பிக்கலாமுங்களே."

"இருவது வருசமா எஞ்சினோட குடித்தனம் பண்றவனுக்குப் புஸ்தகம் எதுக்கு புள்ள?"

ஃபாக்டரி எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது சுடலைமணியின் உத்தியோகம். அவர் சொல்வதைக் கேட்டால் எஞ்சினைப் பெற்றெடுத்ததே அவர்தான் என்று தோன்றும்.

வேலை தொடங்கியது. சுடலைமணி முக்காலியில் உட்கார்ந்து சொன்னார், ரேகா செய்தாள். டிரைவர் வேலைக்கென்று இரவல் வாங்கிய காக்கிச் சட்டையை அவர் அப்போதே போட்டுக்கொண்டுவிட்டார், அதில் கறை படலாமா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாள். அடிப்பாகத்தில் இருந்த கியர் ஆயிலை வடித்துப் பார்த்தாள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது.

"உள்ள தண்ணி பூந்திருக்குதுங்க. வாஷர் மாத்திப் புது ஆயில் ஊத்தோணும்."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

அவர் சொல்ல வந்ததெல்லாம் அவள் செய்து முடித்த பிறகுதான் வாய்க்கு வந்தது.

சனிக்கிழமை வாசல் டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரின் அடிப்பாகத்தை முக்கினார்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் பம்பு கருகிவிடுமாம், அதுவும் ரேகா புத்தகத்தில் பார்த்த படம்தான். நாலாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. பின்பக்க ஓட்டையிலிருந்து தண்ணீர் நூலாகப் பீய்ச்சியடித்தது. பம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளே வாசலில் கூடிவிட்டன. சந்தோஷம் தாங்காமல் பக்கத்து வீட்டு இசக்கிமுத்துவைச் சுடலைமணி கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மோட்டாரை நிறுத்திய பிறகுதான் அதைப் பார்த்தார். தலையில் இருந்த பெட்ரோல் தொட்டி மூடியின் நடுவே சின்னத் திருகு ஒன்று தளர்ந்து கிடந்தது. அவருக்குப் பகீரென்றது. அந்த ஊர்ப் பனியில் திறந்து வைத்த உப்பு ஒரு மணி நேரத்தில் கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும். மற்ற எதில் எப்படியோ, மூடி விஷயத்தில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"யாரு இதத் தொறந்து போட்டது?"

"நாந்தானுங்க. ஓடறப்ப உள்ள காத்துப் போறதுக்கு அதத் தளத்தி வெக்கோணும்னு படத்துல..."

"பனி பூந்தா பெட்ரோலு என்னாகும்? உப்பு ஜாடியத்தான் தொறந்து போடறே, இதையுமா?"

குறட்டை எடுத்து இறுக்கோ இறுக்கென்று இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் முதல் விருந்தாளிகள் ஏழு பேர் காத்திருந்தார்கள். அவர்களை ஏற்றுமுன் ஒரு வெள்ளோட்டம். படகின் முன்னால் மேனேஜர், பின்னால் சுடலைமணி, ஸ்பானர் பையைப் பிடித்துக்கொள்ள நடுவில் ரேகா.

"ஏனுங்க, அந்தத் திருகு..."

"எல்லாந் தெரியும். கம்முனு உக்காரு."

ஒரே இழுப்பு. படகு சீறிக்கொண்டு கிளம்பியது. கரையில் கைதட்டல். சுடலைமணி ஒரு கையில் மோட்டாரையும் மறு கையில் மீசையையும் பிடித்துக்கொண்டார். அணையின் நடுவுக்கு வந்ததும் மோட்டார் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தார். பதினாறு தடவை இழுத்தார். தோள்பட்டைதான் கழன்று வந்தது. துடுப்பு? மோட்டார் இருக்கும்போது அது எதற்கு என்று கரையில் போட்டுவிட்டு வந்தது அவரேதான். பனி இறங்கிக் கரை மறைந்தது. மேனேஜரின் முகம் சிவந்தது.

ரேகா அவசரப்படவே இல்லை.

"சார், இத ஓட வெக்கிறவங்களுக்குத்தானுங்களே வேல?"

"ஆமாம்மா."

"ஆளு யாரா இருந்தாலுமுங்களா?"

"பிசாசா இருந்தாலும் சரி. கரைக்குப் போனாப் போதும்."

ரேகா பையிலிருந்து குறட்டை எடுத்தாள். திருகைத் தளர்த்தினாள். தொட்டிக்குள் புஸ்ஸென்று காற்று இறங்கியது, காற்றில்லாமல் நின்றுபோன பெட்ரோல் மறுபடி கீழே ஓடியது. ஒரு வினாடி பொறுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். மோட்டார் உறுமியது. கரைக்கு வரும் வரை ஸ்பானர் பை சுடலைமணியின் மடியில் இருந்தது.

திங்கட்கிழமை காலை காக்கிச் சட்டை ரேகாவுக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. சுடலைமணி அடுப்படியில் அவளுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போயிட்டு வர்றனுங்க. உப்பு ஜாடிய மட்டும் இறுக்கி மூடி வெச்சிருங்க, பனி பூந்துரும்."