எண்பதுன்னு சொல்லிட்டு ஏழுக்கு வந்த பேட்டரி

பொடிச்சி,

என் அன்பு மகள் அகல்யாவுக்கு உன் அம்மா ஒச்சம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சவுக்கியம். அதுக்கு அடுத்தாப்புல உன் சவுக்கியத்துக்கு எழுதவும்னு போடணும், அஞ்சாப்புல டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக. உனக்கு அதைப் போடலாமா கூடாதான்னு தெரியாம பேனாவைத் தூக்குனபடியே உக்காந்திருந்தேன். கடைசியில போடாம விட்டுட்டேன். கோவிச்சுக்காத.

நிற்க. உன் லேப்டாப்பு எங்கிட்டப் பொய் சொல்லுது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

அன்னைக்கு வண்டியை எடுக்கும்போது நீ என்ன சொன்ன? "அம்மா, மூடிராத, ஒரு வேலை ஓடிக்கிட்டிருக்கு, இந்தா பெட்ரோல் போட்டுட்டு வந்துர்றேன்"னு சொன்ன. அரியக்குடி ரோட்டுல அந்த லாரி வந்த பேச்சு இப்ப வேணாம். நான் மூடலை. உன்னையக் கொண்டாந்து நடுவீட்டுல போட்டப்ப மேசையை அங்குட்டு நகட்டுனாக, அப்பவும் வயரைப் புடுங்கவிடாம நான்தான் மறிச்சு நின்னேன். கருமாதி வரைக்கும் உன் தலைமாட்டு எடத்துல விளக்கு எரிஞ்சுச்சு, அணையவிடாம எண்ணெய் ஊத்தினேன். கருமாதி முடிஞ்சதும் விளக்கைக் கழுவிக் கவுத்திட்டாக, அதுதான் மொறை. லேப்டாப்புக்கு அப்படி ஒரு மொறையை யாரும் சொல்லலை, அதனால அது எரிஞ்சுக்கிட்டே இருக்கு. உங்கப்பா போனப்ப நீ இருந்த. இப்ப வீட்டுல சத்தம் போடுறது அதுக்குள்ள இருக்குற காத்தாடி மட்டுந்தான்.

மேல வலது ஓரத்துல ரெண்டு நம்பர் வச்சிருந்தேல்ல, ஒண்ணு எத்தனை சார்ஜ் இருக்குன்னு, இன்னொண்ணு எத்தனை வாட்டு கரண்டு திங்குதுன்னு. நீ இருந்தப்ப வயரைக் கழட்டி மடியில வச்சிருப்ப, அது பத்து, பதினஞ்சுன்னு ஏறி எறங்கும், நீயும் "பாரும்மா, என்னை மாதிரியே தின்னுது"ன்னு சொல்லுவ. இப்ப பாத்தா சைபர், வெறும் சுழி காட்டுது. காத்தாடி சுத்துது, அடியில தொட்டா தோசைக்கல்லு மாதிரிச் சுடுது, வாட்டு மட்டும் சுழி. நானும் ரெண்டு நாளா பச்சைத்தண்ணியிலதான் கெடந்தேன், சரி எனக்குத் தொணைக்கு அதுவும் பட்டினி கெடக்குதாக்கும்னு விட்டுட்டேன். ஆனா போன வாரம் கரண்டு போச்சு பாரு, அப்பத்தான் அதோட பவுசு தெரிஞ்சுச்சு. சார்ஜ் எண்பதுன்னு இருந்துச்சு, சரி கெடக்கட்டும்னு பாத்திரம் வெளக்கி, துணியையும் அலசிப் போட்டுட்டு வந்து பாக்குறேன், ஏழு! எண்பதுக்கும் ஏழுக்கும் நடுவுல இருந்ததை எல்லாம் எவன் தின்னான்? நல்லவேளை, கையைக் கூடத் தொடைக்கலை, கரண்டு வந்துருச்சு.

உங்கூட பெங்களூரு ஆபீசுல வேலை பாத்த தேவா தம்பிக்குப் போன் போட்டேன். பாவம், நல்ல புள்ளை. "அம்மா, கறுப்பா ஒரு சன்னலைத் தொறக்கணும், நான் சொல்றதை ஒவ்வொரு எழுத்தா அமுக்குங்க"ன்னுச்சு. எனக்கு என்ன இங்கிலீசு தெரியும்? தம்பி எழுத்தைச் சொல்ல, நான் முழிக்க, கடைசியில அதுவே எறங்கி வந்து, எழுத்தோட உருவத்தைச் சொல்லி, "மொதல்ல பாம்பு, அப்புறம் கிண்ணம், அப்புறம் பாதித் தோசை, கடைசியா முழுத் தோசைம்மா"ன்னுச்சு. அமுக்கிட்டேன். அதுக்கு மேலயும் என்னென்னமோ அமுக்கச் சொல்லி, கடைசியில போனைத் திருப்பிக் காட்டுனா, பாஸ்வேர்டு கேக்குதாம். "அம்மா, இது அகல்யாவுக்கு மட்டுந்தான் தெரியும். ஒரு விசயம், இதை அணைய மட்டும் விட்ராதீங்க. அணைஞ்சா மறுபடி உள்ள போக இதையேதான் கேக்கும்"னுச்சு. எனக்கு உன்னைய ரெண்டாந்தடவை தூக்கிட்டுப் போற மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் அந்தப் பாஸ்வேர்டு இல்லாமலே வேற எதையோ அமுக்கச் சொல்லிப் பாத்துச்சு. பேட்டரி பழசாயிருச்சாம், முன்னே கொண்டதுல பாதிதான் இப்பக் கொள்ளுதாம், ஆனா அது மட்டும் தன்னை இன்னும் புதுசுன்னே நெனச்சுக்கிட்டிருக்காம். அது சொல்ற கணக்கைத்தான் நீ அதுல போட்டு வச்சிருக்குற லினக்ஸுங்குற சிஸ்டம் வாங்கி அப்படியே காட்டுதாம். வயரு சொருகியிருக்கும்போது வாட்டுக் கணக்கே அதுக்குத் தெரியாதாம், அதான் சுழி. "சரி தம்பி, இதுக்கு வைத்தியம் என்ன?"ன்னேன். "முழுசா சார்ஜ் ஏத்திட்டு வயரைப் புடுங்கிரணும்மா. அதுவா எறங்கி எறங்கி ஒரு தடவை சாகணும். அப்புறம் மறுபடி முழுசா ஏத்துனா கணக்குச் சரியாயிரும்"னு சொல்லிட்டு, சொன்ன பேச்சைத் தானே கேட்டு நாக்கைக் கடிச்சுக்கிருச்சு. வைத்தியம் பண்ணாப் பொய் போகும், உள்ள இருக்குற நீயும் போயிருவ. எனக்குப் பொய்யே இருக்கட்டும்.

இருந்தாலும் மனசு கேக்காம காரைக்குடியில ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அந்தத் தம்பி பாத்த ஒடனே, "லினக்ஸா? இதையெல்லாம் நாங்க பாக்குறதில்லைம்மா. அழிச்சுட்டு நல்லதா வேற போட்டுத் தாரேன், சாயங்காலம் வாங்க"ன்னான். அழிச்சுட்டா! பொசுக்குன்னு பிடுங்கிக்கிட்டு எறங்கிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுட்டு வந்துருக்கேன்.

அதுக்குள்ள பேப்பர்ல போட்டுட்டான், மாசாந்திரப் பராமரிப்பு, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம பக்கம் கரண்டு கெடையாதுன்னு. புதுவயல்ல நான் வேலை பாக்குற மில்லுல ஜெனரேட்டர் இருக்குல்ல, அங்கேயே கொண்டு போயிருவோம்னு கெளம்பினேன். மூடுனா தூங்கிரும்னு தேவா தம்பி சொல்லியிருந்துச்சு, அதனால தொறந்தபடியே மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல உக்காந்திருந்தேன். கண்டக்டர் பாத்துட்டு, "என்ன ஆத்தா, ஆபீசு வேலையா? பஸ்ஸுலயும் விடமாட்றாகளா?"ன்னான். பஸ்ஸே சிரிச்சுச்சு. நானும் "ஆமாப்பா, மேனேசரு ரொம்பக் கண்டிப்பு"ன்னுட்டேன். நீ மேலே இருந்து பாத்திருந்தா சிரிச்சிருப்ப.

மில்லுல போய்தான் கூத்து. சார்ஜ் தொண்ணூறு காட்டுது, ஆனா இந்தப் பொய்யனை எப்படி நம்புறது? எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நெல்லு ஈரமா இருக்கும்போது ஒரு எடை, காய்ஞ்சா எடை கொறையுதுல்ல, அப்ப கரண்டு நெறைஞ்சு இருந்தா இதுவும் கனக்கணும், எறங்குனா கொறையணும், அதுதானே நியாயம்? எடை போடுற சோணைகிட்டப் போய், "தம்பி, இதைக் கொஞ்சம் மிசினுல வையி"ன்னேன். "என்னக்கா, வெலைக்குப் போடப் போறீகளா?"ன்னான். "மூடிக்கிட்டு வையிடா"ன்னேன். வச்சான். மூட்டை நிறுக்குற மிசினு, எண்ணு அசையவே இல்லை. அப்புறம் ஆபீசுல சாம்பிள் அரிசி நிறுக்குற சின்னத் தராசுல வச்சுப் பாத்தோம். வயரைச் சொருகாமலே கொஞ்ச நேரம் எறங்கவிட்டு மறுபடி வச்சோம். அதே எடை. ஒரு குண்டுமணி கூடக் கொறையலை. களத்துல நெல்லுக் கிண்டிக்கிட்டிருந்த யோகலட்சுமி வந்து எட்டிப் பாத்துட்டு, "மதினி, ஈரம் பதமா இருக்கான்னு நம்மதான் பல்லுல கடிச்சுப் பாப்போமே, இதையும் ஓரத்துல ஒரு கடி கடிச்சுப் பாருங்க"ன்னா. கெக்கெக்கென்னு சிரிக்கிறாளுக. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே தரையில உக்காந்துட்டேன். யோகலட்சுமி என் சல்லைக் கம்பையும் வாங்கிக்கிட்டுப் போய் என் பங்கு நெல்லையும் அவளே கிண்டுனா. நான் ஜெனரேட்டர் ரூம்புக்குப் பக்கத்துல, வயரைச் சொருகி, உன்னைய மடியில வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அந்தச் சத்தத்துல நான் பேசுறது யாருக்கும் கேக்காது, அதனால நெறையப் பேசினேன்.

ஆகக்கூடி முடிவு என்னான்னா, கணக்கைச் சரி பண்ணப் போறதில்லை. அது சொல்ற பொய்யைச் சொல்லட்டும். காலம் போகப்போக ஆறிரும்னு வந்தவுக போனவுக எல்லாம் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போறாக, அவுகளை நான் என்ன பண்ணினேன்? கரண்டு போனா புதுவயலு, வந்தா வீடு. நான் இருக்குற வரைக்கும் இதை அணையவிட மாட்டேன், இது சத்தியம்.

தேவா தம்பி உன்னைய விசாரிச்சுச்சு, அதாவது உன்னையப் பத்திப் பேசுச்சு. யோகலட்சுமியும் சோணையும் கேட்டதாச் சொல்லவும். போன எடத்துல வெயில்ல அலையாத, நேரத்துக்குச் சாப்புடு. நம்ம கருப்பசாமி உனக்குத் தொணை இருப்பாரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒச்சம்மாள்

பி.கு.: மேலே எழுதுனதை எல்லாம் அடிச்சுரு. கடுதாசியை மடிச்சு வச்சுட்டுத் தண்ணி புடிக்கக் கொழாயடிக்குப் போனேன், அங்கே நீள வரிசை. அந்த நேரம் பாத்துக் கரண்டு போயிருச்சு. போகும்போது தொண்ணூத்தொண்ணுன்னு காட்டுச்சு. கொடத்தோட வந்து பாக்குறேன், கறுப்பா இருக்கு. காத்தாடிச் சத்தமும் இல்லை. அழுகை கூட வரலை. கரண்டு வந்தப்புறம் தேவா தம்பிக்குப் போன் போட்டேன். "பட்டனை அமுக்குங்கம்மா, எதுவரைக்கும் போகுதுன்னு பாப்போம்"னுச்சு. அமுக்கினேன். என்னமோ ஓடுச்சு, நின்னுச்சு, அப்புறம் நேரா உன் படத்துக்கே வந்து நின்னுருச்சு. யாரு நீன்னு ஒரு வார்த்தை கேக்கலை. தம்பிக்கே ஆச்சரியம். "உள்ள பெரிய வேலைகளுக்குத்தான் பாஸ்வேர்டு வச்சிருக்காம்மா, தொறக்குறதுக்கு வைக்கவே இல்லை. எங்க ஆளுக யாரும் இப்படி விடமாட்டோம்"னுச்சு. செத்துப் பொழைச்சு முழுசா ஏறுனதுல கணக்கும் சரியாயிருச்சு, இப்ப நாப்பதுன்னா நாப்பதுதான். அவ்வளவு வெவரமான புள்ளை, உள்ள அத்தனைக்கும் பூட்டுப் போட்டுட்டு வாசலை மட்டும் சும்மா சாத்தி வச்சிருக்கியே, யாரு வந்து தொறப்பான்னுடி நெனச்ச?