எண் மாறியது, வரிசை மாறவில்லை

படிக்காதவனால் வீட்டுக்கு வரும் நட்டத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். படித்தவனால் வரும் நட்டத்தைத்தான், வீட்டார் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டே அனுபவிப்பார்கள்.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன் (கழுத்தில் அட்டை தொங்கும், குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்). அங்கேதான் ‘முன்னுரிமை வரிசை’ என்ற நூலகம் என் கண்ணில் பட்டது. நூலகம் என்றால் புத்தகங்கள் இல்லை. யாரோ எழுதிவைத்த புரோகிராம், எடுத்து நம் வேலைக்குப் பூட்டிக்கொள்ளலாம். வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு எண். சின்ன எண்காரரை முதலில் கூப்பிடும். நடுவில் ஒருவருக்கு அவசரம் கூடினால் எண்ணைக் குறைக்கலாம். அவர் முன்னுக்கு வந்துவிடுவார்.

எனக்கு உடனே எங்கள் மயிலிட்டித் துறைமுகம் ஞாபகம் வந்தது. விடியும் நேரம் கரைக்கு வரும் படகுகளின் மீனை ஒவ்வொன்றாக ஏலம் கூறுவார்கள். வந்த ஒழுங்குதான் வரிசை. ஆனால் சாவு நடந்த வீட்டுப் படகு முதல் தடவை கடலுக்குப் போய்வந்தால், அது கடைசியாக வந்தாலும் அதன் மீனைத்தான் முதலில் கூறவேண்டும். அது எங்கள் கரை வழக்கம். மீனவர் சங்கத் தலைவரைக் கெஞ்சி, ஒருநாள் மட்டும் என் மடிக்கணினி படகுகளைக் கூப்பிடட்டும் என்று சம்மதம் வாங்கினேன். பெரிய திரை, ஒலிபெருக்கி எல்லாம் கட்டினேன் (கோயில் திருவிழா தோற்றது).

அன்று சாவு வீட்டுப் படகு எங்களுடையது. போரில் இடம்பெயர்ந்து முகாம் முகாமாக இருந்து, இந்தக் கரைக்குத் திரும்பக் கனகாலம் காத்திருந்தவர் அப்பா. திரும்பி வந்து கொஞ்சக் காலம்தான் தொழில் செய்தார். அவர் இறந்தபின், படகை விற்றுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போவதா, கடலிலேயே நிற்பதா என்று அண்ணன் தவித்துக்கொண்டிருந்தார்.

“ஒருக்காப் போய்ப் பாப்பம் அம்மா. மீன் நல்ல விலைக்குப் போனா இஞ்சையே நிக்கிறன்” என்று சொல்லிவிட்டுத்தான் படகைத் தள்ளினார்.

கடைசியாகத்தான் வந்தார். பெட்டி நிறைய அறக்குளா, கரையிலேயே நல்ல விலைபோகும் மீன். நான் அவருடைய எண்ணை மாற்றினேன். திரையில் எங்கள் படகு ‘முதலாவது’ என்று மின்னியது. ஒலிபெருக்கி வேறு படகைக் கூப்பிட்டது.

“இப்ப வரும் அண்ணை” என்றேன். அடுத்ததும் வேறு படகு. அதற்கடுத்ததும்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. “இதை நிப்பாட்டு தம்பி! முதல் உன்ரை அண்ணற்றை மீனைக் கூறுவம்.”

அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். “வேண்டாம் தலைவர். என்ரை தம்பி செய்தது, பிழைக்காது. அது கூப்பிடட்டும்.”

ஊரிலேயே அந்தப் புரோகிராமை முழுதாக நம்பியவர் அவர் ஒருவர்தான். எழுதிய எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் நிறுத்த வெட்கப்பட்டு, மடிக்கணினியைத் தட்டிக்கொண்டு நின்றேன். நல்ல விலைக்கு மொத்தமாக வாங்கும் கொழும்பு லொறி நிறைந்து புறப்பட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணனின் முறை வந்தது. வாங்க மிஞ்சியிருந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர்கள் இரண்டுபேர். அறக்குளா, மலிவான சூடை மீனின் விலைக்குப் போனது.

பிழை அடுத்த நாள் பிடிபட்டது. எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. மாற்றியதை அதற்கென்று உள்ள கட்டளையால் வரிசைக்கும் அறிவிக்க வேண்டும். அப்போதுதான் அது ஆட்களை இடம் மாற்றும். நான் அறிவிக்கவில்லை. திரை புதிய எண்ணைக் காட்ட, ஒலிபெருக்கி பழைய வரிசையையே படித்தது. இதெல்லாம் நூலகத்தின் விளக்கக் குறிப்பில் தொடக்கத்திலேயே இருந்தது (கழுத்தில் அட்டை தொங்குபவர்கள் குறிப்பு வாசிப்பதில்லை).

அண்ணனிடம் சொன்னேன். “பரவாயில்லையடா, புதுச் சாமான்தானே” என்றார். அந்த மாதமே படகை விற்றார். ஒருநாள் மீனுக்காகவா ஒருவன் ஊரைவிட்டுப் போவான் என்று என்னைத் தேற்றுகிறார்கள். அவர் நிற்கத்தான் ஆசைப்பட்டார்.

இப்போது கட்டாரில் ஒரு குளிர் அறைக்குள் மீன்பெட்டி அடுக்குகிறார். போன் எடுக்கும்போதெல்லாம் அம்மா கேட்பது ஒன்றைத்தான்: “எப்ப மோனை லீவு?”

“லீவுக்கு நான்தான் முதலாவது அம்மா” என்பார் அண்ணன். “தம்பியின்ரை சாமான் மாதிரித்தான். இன்னும் கூப்பிடேல்லை.”

அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்து முடிந்த பிறகும் யாரும் போனை வைப்பதில்லை.